பிரசவத்துக்கு வரும் மகள், பழைய வீட்டுக் குழாய்

கேள்வி: மயிலாப்பூரில் என் மாமனார் 1940-களில் கட்டிய வீட்டில் இருக்கிறோம். மகள் சிகாகோவில் இருக்கிறாள். தலைப்பிரசவத்துக்கு இங்கே வருகிறாள், ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்திருக்கிறோம். அவள் குடியிருக்கும் வீட்டுக்குத் தண்ணீர் வரும் குழாய் ஈயக் குழாய் என்று அந்த ஊரிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். "நம்ம வீட்டுக் குழாய் எதுல ஆனதும்மா?" என்று கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. பிளம்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எல்லாமே பழசு, மொத்தமா உடைச்சுப் புதுசா போட்டுடலாம்" என்கிறார். என் கணவரோ, "அறுபது வருஷமா இந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறோம், என்ன ஆச்சு நமக்கு?" என்கிறார். ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது, டி.டி.எஸ். 60 காட்டுகிறது. அது போதுமா? காய்ச்சினால் ஈயம் போய்விடுமா? ஆர்.ஓ. தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் ஊற்றி வைத்துக் குடிக்கிறோம், அது சரியா?
— மயிலாப்பூர் வாசகி

பதில்:

அன்புள்ள அம்மா,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது வீட்டை உடைக்க வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் நீங்கள் தண்ணீர் பிடிக்கும் அந்த ஒரு குழாயை மகள் வருவதற்குள் பத்திரப்படுத்தினால் போதும். அதற்கு ஒரு பரிசோதனையும், சமையலறையில் ஒன்றிரண்டு மாற்றங்களும் வேண்டும். மற்றதைக் குழந்தை பிறந்து, மகள் ஊருக்குத் திரும்பிய பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன். நீர்த்தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், உங்கள் கணவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

மகளுக்கு வந்த கடிதத்தில் வியப்பில்லை. சிகாகோவில் தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்பை ஈயத்தில்தான் போட வேண்டும் என்றே நகர விதி இருந்தது. 1986-ல் அமெரிக்கா முழுவதும் தடை வந்த பிறகுதான் அது நின்றது. இன்றும் அந்த நகரத்தில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் ஈய இணைப்புகள் மண்ணுக்கடியில் கிடக்கின்றன. எந்த வீட்டுக்கு எந்தக் குழாய் என்று கணக்கெடுத்து, குடியிருப்பவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2024-ல் அங்கே கட்டாயமானது. உங்கள் மகளுக்கு வந்தது அந்தக் கணக்கெடுப்பின் கடிதமாகத்தான் இருக்கும்.

சென்னை வேறு. இங்கே வீடுகளுக்குள் ஓடிய பழைய குழாய் பெரும்பாலும் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. முழுநீள ஈயக் குழாயை நம் வீடுகளில் காண்பது அரிது. ஆனாலும் 1940-களின் வீடு என்பதால், தெரு இணைப்பு உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சின்னத் துண்டாவது ஈயமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. அந்தக் காலத்தில் வளைப்பதற்கு எளிது என்று இணைப்புத் துண்டுகளுக்கு ஈயத்தைப் பயன்படுத்தியதுண்டு.

பார்ப்பது கஷ்டமில்லை. மெட்ரோ வாட்டர் இணைப்பு கேட் ஓரமாக உள்ளே வந்து சம்ப்பில், அதாவது தரையடித் தொட்டியில், விழும் இடத்தைத் தேடுங்கள். வெளியே தெரியும் குழாயில் ஒரு காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் ஒரு நாணயத்தின் ஓரத்தால் மெல்லச் சுரண்டுங்கள். மேலே மங்கிய சாம்பல் நிறமும், சுரண்டிய இடத்தில் பளிச்சென்ற வெள்ளியும், நகம் பட்டாலே கீறல் விழும் மென்மையும் இருந்தால் அது ஈயம். செம்பு நிறம் தெரிந்தால் செம்பு. ஈயக் குழாயின் இணைப்பு பெரும்பாலும் வெங்காயம் மாதிரிப் புடைத்திருக்கும், மறை போட்டு முறுக்கியதாக இருக்காது. சுரண்டிய பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். மகளை இந்த வேலைக்கு விடாதீர்கள்.

இன்னொன்றையும் இங்கேயே தெளிவுபடுத்த வேண்டும். நான் ஈயம் என்று எழுதுவதெல்லாம் காரீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது, அது வேறு உலோகம். சுத்தமான வெள்ளீயமாக இருந்தால் பயமில்லை. ஆனால் மலிவாகக் கிடைக்கும் சொம்பில் காரீயம் கலந்திருக்க வாய்ப்புண்டு, புளி சேர்ந்த ரசம் அதைக் கரைத்து இழுக்கும். எங்கே, யாரிடம் வாங்கியது என்று உறுதியாகத் தெரியாத சொம்பை மகள் இருக்கும் மாதங்களில் பரணில் வைத்துவிடுங்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசக் கொடுத்தாலும் இதே எச்சரிக்கைதான்.

ஈயக் குழாயே இல்லையென்று தெரிந்துவிட்டால் விஷயம் முடிந்ததா? முடியவில்லை. நம் வீடுகளில் ஈயம் ஒளிந்திருப்பது சின்னச் சின்ன இடங்களில். பித்தளைக் குழாய்களில் கடைசல் வேலை எளிதாக வேண்டும் என்பதற்காகவே நூற்றுக்குச் சில பங்கு ஈயம் சேர்ப்பார்கள். மேலே குரோமியம் பூசிப் பளபளப்பாக இருந்தாலும் உள்ளே தண்ணீர் தொடுவது பித்தளையைத்தான். ஜி.ஐ. குழாயின் உட்பூச்சுத் துத்தநாகத்திலும் ஈயம் கலப்படமாக வரும். மறைகளில் சணல் சுற்றி மேலே தடவிய பழைய வெள்ளைப் பூச்சு ஈயக் கலவையாக இருந்த காலம் உண்டு, இப்போதுதான் டெஃப்லான் டேப் வந்துவிட்டது. செம்புக் குழாயைப் பற்றவைத்த பழைய சால்டரில் பாதிக்குப் பாதி ஈயம். பழைய இரும்புத் தொட்டிக்கும் சம்ப் மூடிக்கும் துரு பிடிக்காமலிருக்க அடித்த சிவப்புப் பூச்சிலும் ஈயம் இருக்கலாம்.

வெள்ளை பி.வி.சி. குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பிளம்பர் அதைத்தான் போடப் போகிறார். நம் நாட்டில் பி.வி.சி. குழாய் தயாரிக்கும்போது சூட்டில் கெட்டுப்போகாமலிருக்க ஈயச் சேர்மங்களைச் சேர்ப்பது நெடுங்கால வழக்கம். இதைப் படிப்படியாக நிறுத்த 2021-ல்தான் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. இப்படிப்பட்ட குழாய் புதிதாக இருக்கும்போதுதான் ஈயத்தை அதிகம் விடும், போகப்போகக் குறையும். ஆகவே பிரசவத்துக்கு முந்தின மாதம் அவசர அவசரமாகப் புதுக் குழாய் போட்டு, பழைய தொல்லையைப் புதிய தொல்லையாக மாற்றிக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

தெருவைப் பற்றியும் கேட்பீர்கள். பழைய வார்ப்பிரும்புக் குழாய்களில் மூட்டுக்கு மூட்டு சணல் திணித்து, மேலே உருக்கிய ஈயம் ஊற்றி அடைத்திருப்பார்கள். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் அங்கே ஈயம் தண்ணீரைத் தொடும் பரப்பு மிகக் குறைவு. ஓடுகிற தண்ணீரின் அளவோ மிக அதிகம். என் கவலை தெருவைவிட உங்கள் வீட்டுக்குள் நின்றுபோகும் தண்ணீரில்தான்.

நின்ற தண்ணீர் என்பது இதில் பெரிய விஷயம். ஓடும் தண்ணீருக்கு உலோகத்தைக் கரைக்க நேரமில்லை. இரவெல்லாம் குழாயில் நிற்கும் தண்ணீருக்கு ஆறேழு மணி நேரம் கிடைக்கிறது. சென்னையில் தெருவிலிருந்து தண்ணீர் வருவதே சில மணி நேரம், சில இடங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள். மற்ற நேரமெல்லாம் இணைப்புக் குழாயில் தண்ணீர் தேங்கியே கிடக்கும். அதோடு நம் வெயில். சித்திரை வைகாசியில் மொட்டை மாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும், சூடான தண்ணீர் ஈயத்தைக் கூடுதலாகக் கரைக்கும். ஆகவே கீசர் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது.

தண்ணீரின் குணமும் சேர்ந்து வேலை செய்யும். கொஞ்சம் கடினமான, காரத்தன்மை உள்ள தண்ணீர் குழாயின் உட்புறம் ஒரு படலத்தை உண்டாக்கி ஈயத்தை மூடிவைக்கும். மென்மையான, அமிலச் சாய்வுள்ள, குளோரைடு மிகுந்த தண்ணீர் அந்தப் படலத்தைத் தின்னும். அமெரிக்காவில் ஃபிளின்ட் என்ற நகரத்தில் 2014 ஏப்ரலில் தண்ணீரின் மூலத்தை மாற்றி ஆற்றுநீரை விட்டார்கள், அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. பல்லாண்டுகளாகச் சும்மா கிடந்த ஈயக் குழாய்கள் கரையத் தொடங்கின. அதற்கு முன்பு வாஷிங்டனில் கிருமிநாசினியை மட்டும் மாற்றினார்கள், குளோரினுக்குப் பதில் குளோரமின். அங்கேயும் ஈயம் எகிறியது. குழாய் மாறவில்லை, தண்ணீர் மாறியது.

நம் ஊரில் தண்ணீர் அடிக்கடி மாறுகிறது என்பதால் இதைச் சொல்கிறேன். ஒரு மாதம் புழல், செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர். ஒரு மாதம் வீராணம், கிருஷ்ணா. இன்னொரு சமயம் நெம்மேலியில் கடல்நீரைச் சுத்திகரித்து வரும் தண்ணீர். கோடையில் லாரி. இத்தனைக்கும் நடுவில் சொந்த போர்வெல். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும். எல்லாமே ஒரே சம்ப்பில், ஒரே குழாயில். ஆகவே ஒருமுறை பரிசோதித்து நன்றாக வந்துவிட்டது என்று காலத்துக்கும் நிம்மதியாக இருக்க முடியாது. கோடையில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை பார்ப்பதே சரி.

இனி உங்கள் டி.டி.எஸ். மீட்டர். சென்னையில் இன்று வீட்டுக்கு வீடு அந்தப் பேனா இருக்கிறது, அது காட்டும் எண்ணை வைத்தே தண்ணீர் நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்கிறோம். ஈயத்துக்கு அது உதவாது. டி.டி.எஸ். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று தோராயமாகச் சொல்லும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, ஈயத்துக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 10 மைக்ரோகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்திலும் இதற்குத் தளர்வு கிடையாது. மீட்டரில் 60 என்பது 61 ஆக வேண்டுமென்றால் அந்த வரம்பைப் போல நூறு மடங்கு ஈயம் கலந்தாக வேண்டும். லாரியை நிறுக்கும் எடைமேடையில் மூக்குத்தியை வைத்துப் பார்ப்பது போன்றது அது. ஈயத்துக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. பரிசோதனைக் கூடம்தான் ஒரே வழி.

அதை எப்படிச் செய்வது என்பதில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். ஆகவே கவனமாகக் கேளுங்கள். என்.ஏ.பி.எல். (பரிசோதனைக் கூடங்களுக்குத் தரச்சான்று தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற கூடமா, அந்த அங்கீகாரத்தில் தண்ணீரில் ஈயம் பார்ப்பதும் அடங்குமா என்று முதலில் கேளுங்கள். வழக்கமான "குடிநீர் டெஸ்ட்" தொகுப்பில் உப்பு, கடினத்தன்மை, கிருமி இவைதான் இருக்கும், ஈயத்தைத் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். அடுத்து, அவர்கள் கருவியால் எவ்வளவு குறைந்த அளவைக் கண்டுபிடிக்க முடியும் என்று கேளுங்கள். லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் வரை பார்க்க முடியும் என்றால் நல்லது. 0.05 வரைதான் என்றால் அந்த அறிக்கையால் பயனில்லை. அதில் "கண்டறியும் அளவுக்குக் கீழே" என்று வந்தாலும், வரம்பைப் போல நான்கு மடங்கு ஈயம் அந்த வரிக்குள் ஒளிந்திருக்கலாம்.

பாட்டிலைக் கூடத்திலிருந்தே வாங்குங்கள். அமிலத்தால் கழுவிய பாட்டில் தருவார்கள், வீட்டிலிருக்கும் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வேண்டாம். முதல் நாள் இரவு பாத்திரமெல்லாம் கழுவி முடித்த பிறகு சமையலறைக் குழாயை மூடுங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் யாரும் திறக்கக் கூடாது. காலையில் எழுந்ததும், முதல் சொட்டிலிருந்தே, குழாயை வழக்கம்போலத் திறந்து ஒரு லிட்டர் பிடியுங்கள். அதற்கு முன்னால் கை அலம்பக்கூடத் திறக்காதீர்கள். காலை நான்கரைக்குக் கோலம் போட எழுபவர் நீங்கள்தான் என்றால் முந்தின இரவே குழாயில் ஒரு துணியைக் கட்டிவையுங்கள், நினைவிருக்கும். பிறகு அரை வாளி தண்ணீரை ஓடவிட்டு, அதே குழாயில் இரண்டாவது பாட்டில். மூன்றாவது, தெருத் தண்ணீர் வரும் நேரத்தில், சம்ப்பில் விழுவதற்கு முன் கேட் ஓரக் குழாயிலோ அடிபம்பிலோ பிடித்தது. நான்காவது ஆர்.ஓ. தண்ணீர். எதில் எது என்று பாட்டில் மேல் எழுதிவிடுங்கள்.

நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். முதல் பாட்டிலில் அதிகம், இரண்டாவதில் குறைவு என்றால் குற்றம் சமையலறைக் குழாயிலும் அதையொட்டிய கொஞ்ச தூரத்திலும்தான். அந்தக் குழாயை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டிலும் அதிகம், தெருத் தண்ணீரில் இல்லை என்றால் சம்ப், டேங்க், இறங்கு குழாய் இவற்றைப் பார்க்க வேண்டும். தெருத் தண்ணீரிலேயே அதிகம் என்றால் இணைப்புக் குழாய். இந்த மூன்றாவது நிலை வந்தால் மட்டும் உங்கள் பகுதி மெட்ரோ வாட்டர் டிப்போவுக்குப் போய் எழுத்து மூலமாகக் கொடுங்கள், அறிக்கையின் நகலையும் வையுங்கள். பிளம்பரைக் கொண்டு தெருவைத் தோண்டாதீர்கள். ஈயத் துண்டு இருந்து, அதில் பாதியை வெட்டிப் பித்தளையோ செம்போ இணைத்தால் இரண்டு உலோகங்களும் உரசும் இடத்தில் அரிப்பு அதிகமாகி, சில காலம் ஈயம் முன்பைவிடக் கூடும். எடுத்தால் முழுதாக எடுக்க வேண்டும்.

எண்ணை எப்படிப் படிப்பது? 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் அந்தக் குழாயில் குடிக்க, சமைக்கப் பிடிப்பதை அன்றைக்கே நிறுத்துங்கள். 10-க்குக் கீழே என்றாலும் அது சட்டம் வைத்த கோடுதான். ஐரோப்பிய நாடுகள் 2036-க்குள் 5-க்கு இறங்கப் போகின்றன. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் நான் 5-ஐயே கோடாக வைத்துக்கொள்வேன். ஒன்று, இரண்டு என்று வந்தால் பயப்பட வேண்டாம். காலையில் முதல் அரை வாளியை வீடு துடைக்க வைத்துக்கொண்டு பிறகு பிடித்தால் போதும். அரை அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 200 மில்லிதான் பிடிக்கும், ஆகவே மாடியிலிருந்து இறங்கிய பழைய தண்ணீர் அரை வாளியில் தீர்ந்துவிடும். சென்னைக்காரர்கள் ஒரு சொட்டையும் வீணாக்க மனம் வராதவர்கள், அதனால் இதைச் சொல்கிறேன்: அந்தத் தண்ணீரில் குளிக்கலாம், துணி துவைக்கலாம். தண்ணீரிலுள்ள ஈயம் தோல் வழியே உடம்பில் ஏறாது. வாய்க்குள் போவதுதான் கணக்கு. சாதம் வடிக்கும் தண்ணீரும் சாம்பார் தண்ணீரும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் செய்யக்கூடியவை உண்டு. சமையலறைக் குழாயின் நுனியிலுள்ள வலையைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், ஈயத் துகள் அதில் சிக்கிக்கொள்ளும். அந்தக் குழாயை எஸ்.எஸ். 304 என்ற எவர்சில்வர் குழாயாகவோ நல்ல பிளாஸ்டிக் குழாயாகவோ மாற்றுங்கள். வீடு முழுக்க வேண்டாம், அந்த ஒன்று போதும். சம்ப்பையும் டேங்கையும் கழுவச் சொல்லுங்கள். அடியில் படியும் செந்துருச் சேறு ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, கலங்கும்போதெல்லாம் விடும்.

ஆர்.ஓ. நல்ல காவல்தான். அதற்குள் தண்ணீரை வடிகட்டும் சவ்வான மெம்பிரேன் நன்றாக வேலை செய்தால் ஈயத்தில் பெரும்பகுதியை நிறுத்திவிடும். ஆனால் உங்கள் மெஷினில் ஒரு சங்கதியைச் சோதிக்க வேண்டும். பல மெஷின்களில் "டி.டி.எஸ். கன்ட்ரோலர்" என்று ஒரு சின்ன வால்வு இருக்கும். ருசிக்காக, மெம்பிரேனுக்குள் போகாத தண்ணீரை அது கொஞ்சம் கலந்துவிடும். அந்த வழியாக ஈயமும் வந்துவிடும். சர்வீஸ் ஆளிடம் அதை முழுவதும் மூடச் சொல்லுங்கள். மூடிய பிறகு உள்ளே போகும் தண்ணீரின் டி.டி.எஸ்., வெளியே வருவதன் டி.டி.எஸ். இரண்டையும் பாருங்கள். 400 போய் 40-க்குக் கீழே வந்தால் மெம்பிரேன் தெம்பாக இருக்கிறது. 400 போய் 150 வந்தால் மாற்ற வேண்டும். உங்கள் மீட்டருக்கு இதுதான் சரியான வேலை. கேண்டில் ஃபில்டர், யு.வி. விளக்கு இவை கிருமிக்கு உதவும், ஈயத்துக்கு உதவாது.

காய்ச்சுவதும் அப்படித்தான். கிருமி சாகும், ஈயம் அப்படியே இருக்கும். ஒரு லிட்டரைப் பாதியாகச் சுண்டவிட்டால் ஈயத்தின் அடர்த்தி இரட்டிப்பாகும். பித்தளைக் குடத்தை, தயவுசெய்து, உடனே நிறுத்துங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் தாது குறைவு, லேசான அமிலச் சாய்வும் இருக்கும். உலோகத்தைக் கரைப்பதில் அது சாதாரணத் தண்ணீரைவிட வேகமானது. மெஷினில் பிடித்து நிறுத்திய ஈயத்தைக் குடத்தில் திரும்பச் சேர்க்க வேண்டாம். எவர்சில்வர் குடம் அல்லது வர்ணம் பூசாத மண்பானை போதும். மெஷின் சரியாகும்வரை கேன் தண்ணீர் வாங்கினால் சீல் உடையாத, தேதி தெளிவாக உள்ள, வெயிலில் கிடக்காத கேனாகப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் கணவர் கேட்டதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அறுபது வருஷம் குடித்து நடமாடுகிறாரே என்பது நியாயமான கேள்விதான். பெரியவர்களின் குடல் உள்ளே போகும் ஈயத்தில் சிறு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். குழந்தைகளின் உடல் அதைப் போல நான்கைந்து மடங்கு இழுத்துக்கொள்ளும். அந்த ஈயம் செய்யும் சேதமும் கண்ணுக்குத் தெரியாது. குழந்தைக்குக் கவனம் சிதறும், படிப்பு கொஞ்சம் பின்தங்கும். பெரியவருக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறும், சிறுநீரகம் கொஞ்சம் தளரும். அதற்குக் காரணம் தண்ணீர் என்று எந்த டாக்டரும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. சென்னையில் 3 முதல் 7 வயதுக்குள் 756 குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளிவந்தது. ஈயத்தின் சராசரி டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லி ரத்தத்துக்கு, 11 மைக்ரோகிராமை ஒட்டியிருந்தது, ஈயம் கூடக்கூடக் குழந்தைகளின் நடத்தையில் சிக்கலும் கூடியிருந்தது. அமெரிக்காவில் இன்று 3.5-ஐத் தொட்டாலே குழந்தையைக் கவனிக்கத் தொடங்குகிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கு ஈயம் தண்ணீரால் மட்டும் வந்ததில்லை, பெயின்ட், மண், புகை எல்லாம் உண்டு. ஆனால் நம் கையில் இருக்கும் ஒரு வழியையாவது அடைத்துவிடலாமே.

மகள் விஷயத்தில் நேரடியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஈயம் ரத்தத்தில் சில வாரங்களே தங்கும், எலும்பில் பல்லாண்டு தங்கும். கர்ப்பத்தில் குழந்தைக்காக எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து வெளியே வரும்போது பழைய ஈயமும் கூடவே வந்து நஞ்சுக்கொடியைக் கடக்கும். ஆகவே அவள் சிகாகோவில் குடித்ததும் கணக்கில் வரும். விமானம் ஏறுவதற்கு முன், அந்தக் கடிதத்தை அங்குள்ள டாக்டரிடம் காட்டி, ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லட்டும். எளிய ரத்தப் பரிசோதனைதான். புறப்படும்வரை அங்கே குடிக்கும் தண்ணீருக்கும் ஈயத்தை நீக்கும் சான்று பெற்ற ஃபில்டர் வைக்கட்டும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்தால் உடல் ஈயத்தைக் கூடுதலாக இழுக்கும். டாக்டர் தரும் மாத்திரைகளை விடாமல் சாப்பிடட்டும். நீங்கள் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் கொடுங்கள், அவள் அதற்காகத்தான் அம்மா வீட்டுக்கு வருகிறாள். "ஈயத்தை இறக்கும்" என்று யாராவது எதையாவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் எதையும் கர்ப்ப காலத்தில் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், அவற்றாலேயே ஈயம் ஏறியவர்கள் உண்டு.

இப்போது, உடைக்க வேண்டாம் என்று ஏன் அழுத்திச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது குழாய் இல்லை, வளைகாப்புக்கு முன் வீட்டைச் சரிபண்ணும் அந்த உற்சாகம்தான். 1940-களின் வீட்டில் கதவு, ஜன்னல், கம்பிகளில் எத்தனை அடுக்கு பழைய பெயின்ட் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-ல்தான் போடப்பட்டது. அதற்கு முந்தைய எண்ணெய்ப் பெயின்ட்டுகளில் ஈயம் தாராளம். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாலும், குழாய்க்காகச் சுவரை வெட்டினாலும் எழும் தூசி, தண்ணீரைவிட எத்தனையோ மடங்கு ஈயத்தை ஒரே நாளில் வீட்டுக்குள் பரப்பிவிடும். பிறகு அது தரையில் படிந்து, தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். சுவருக்கு மேலாக வெள்ளையடிப்பதில் தவறில்லை. கதவு ஜன்னலைச் சுரண்டாமல், தேய்க்காமல், அப்படியே துடைத்துவிட்டு விடுங்கள். உரியும் பெயின்ட் இருந்தால் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அதன் மேல் புதுப் பூச்சு அடிக்கலாம், அதையும் மகள் வருவதற்குப் பல வாரம் முன்பே முடித்து, வீடு முழுக்க இரண்டு மூன்று தடவை ஈரத்துணி போட்டுத் துடைக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பிப் பரவும்.

பிளம்பர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பழைய ஜி.ஐ. குழாய்க்கு என்றாவது ஒருநாள் அந்த வேலை தேவைப்படும். மகளும் குழந்தையும் கிளம்பிய பிறகு செய்யுங்கள். அப்போது குடிநீர் வழிக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஈயம் சேர்க்காதது என்ற அச்சும் உள்ள குழாயாகக் கேளுங்கள். பிளாஸ்டிக் குழாய்களில் சி.பி.வி.சி., எச்.டி.பி.இ. வகைகள் நல்ல தேர்வு. போட்ட பிறகு சில நாள் நன்றாக ஓடவிட்டு, மறுபடி ஒரு பாட்டில் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு குடியுங்கள்.

குழந்தை பிறந்த பிறகு: தாய்ப்பால் கொடுக்கட்டும். தாயின் ரத்தத்தில் ஈயம் மிக அதிகமாக இருந்தால் மட்டுமே டாக்டர் வேறு சொல்வார். பால் பவுடர் கலக்க நேர்ந்தால் ஆர்.ஓ. தண்ணீரையே காய்ச்சி ஆறவைத்துக் கலக்குங்கள். பவுடர்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு உணவே தண்ணீர்தான், அதன் உடல் எடைக்கு அது குடிக்கும் தண்ணீர் நம்மைவிடப் பல மடங்கு. கண்ணுக்கு மை இட வேண்டும் என்று ஆசையிருக்கும். கடையில் விற்கும் சில கண்மைகளிலும் சுர்மாவிலும் ஈயம் இருப்பது தெரிந்த விஷயம். கண்ணுக்கும் கன்னத்துக்கும் வேண்டாம், விரலைச் சூப்பும் குழந்தை அது. மஞ்சள்தூளில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலப்பதும் உண்டு, விரலி மஞ்சள் வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனைக்கு இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அறிக்கை வந்ததும் நான்கு பாட்டில்களின் எண்ணையும், கூடம் எழுதியிருக்கும் கண்டறியும் அளவையும், தண்ணீர் பிடித்த அன்று வந்தது தெருத் தண்ணீரா லாரியா போரா என்பதையும் எழுதி அனுப்புங்கள். கேட் ஓரக் குழாயில் காந்தம் ஒட்டியதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பார்த்து, எதை மாற்ற வேண்டும், எதைத் தொட வேண்டாம் என்று சொல்கிறேன்.